உதடும் கிண்ணமும்

ட்ரம்பெட் பழகுகிறவர்களுக்கு மூன்றாம் நான்காம் வருடத்தில் ஓர் ஏக்கம் பிடித்துக்கொள்ளும். நடு ஸ்தாயி வசப்பட்டிருக்கும், ஊதினால் பாட்டு வரும். மேலே ஏறும்போது மட்டும் ஒலி மெலிந்து, கீச்சிட்டு, கடைசியில் வெறும் காற்றாகப் போய்விடும். அந்த நேரத்தில் யாரேனும் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்வார்: “மவுத்பீஸை மாத்திப் பாருங்க.” கடைக்குப் போனால் கண்ணாடி அலமாரியில் வெள்ளி முலாம் பூசிய சின்னக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். 7சி, 5சி, 3சி, 14ஏ4ஏ என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறி. வித்தியாசம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. உதட்டுக்கு உடனே தெரியும். அமெரிக்காவின் பாக் நிறுவனத்துப் பட்டியலில் 7சியின் உள்விட்டம் 16.20 மில்லிமீட்டர், 3சியின் உள்விட்டம் 16.30. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு தாளின் தடிமன்.

அந்தத் தாள் தடிமன் மேல் ஸ்தாயிக்கு என்ன செய்யும் என்று அறிய, கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு உதட்டைப் பார்க்க வேண்டும். நாகஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு, கிளாரினெட்டுக்கு நாணல் உண்டு. ட்ரம்பெட்டுக்கு இரண்டும் கிடையாது. வாசிப்பவரின் உதடே அதன் சீவாளி. காற்று தள்ளும்போது உதடு திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு துளிக் காற்று குழாய்க்குள் போகிறது. ட்ரம்பெட்காரர்கள் ‘ஹை சி’ என்று சொல்லும் ஸ்வரத்தை ஊதும்போது உதடு விநாடிக்கு 932 தடவை இப்படித் திறந்து மூடுகிறது. அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் ‘டபுள் ஹை சி’க்கு 1,865 தடவை.

1942இல் டேனியல் மார்ட்டின் என்ற ஆய்வாளர், ட்ரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட்டுக்கு ஒளி ஊடுருவும் மவுத்பீஸ் ஒன்றைப் பொருத்தி, விட்டுவிட்டு எரியும் விளக்கின் துணையோடு உதட்டின் அசைவைப் படம் பிடித்தார். பெரும்பாலான வேலையை மேலுதடு செய்கிறது என்பதும், சுருதி ஏற ஏற உதடுகளுக்கு நடுவே உள்ள திறப்பு சிறுத்துக்கொண்டே போகிறது என்பதும் அதில் தெரிந்தன. மேல் ஸ்தாயி வாசிப்பவர் தன் உதட்டின் நடுவே ஒரு சின்னத் துண்டை மட்டும் அதிர விடுகிறார். மற்ற சதை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எந்த அதிர்வுக்கும் உள்ள கணக்குதான் இதற்கும். விறைப்பு கூடினால் வேகம் கூடும், நிறை கூடினால் வேகம் குறையும். ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டுமானால் விறைப்புக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் நான்கு மடங்காக வேண்டும். வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசைதான் இந்த விறைப்பைத் தருகிறது. விறைத்த உதட்டைத் திறக்க அதிகக் காற்றழுத்தமும் தேவை. ஆஸ்திரேலியாவில் நெவில் ஃப்ளெட்சரும் அலெக்ஸ் டார்னோபோல்ஸ்கியும் வாசிப்பவர்களின் வாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உரத்து வாசிக்கும் உச்ச ஸ்வரங்களுக்கு 25 கிலோபாஸ்கல் வரை போகிறது என்றார்கள். இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்திவைக்கும் அழுத்தம் அது. இதயம் சுருங்கும்போது நம் தமனியில் இருக்கும் 120 என்ற அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உச்ச ஸ்தாயியில் நீட்டி ஊதுபவரின் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கும்போது, உடல் அந்த அழுத்தத்தைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் மவுத்பீஸ் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிற காரியம். எந்தக் கிண்ணத்தை வாங்கினாலும் விநாடிக்கு 932 அதிர்வை உதடுதான் தர வேண்டும். கிண்ணத்தின் பங்கு என்ன என்பதை அறியக் குழாய்க்குள் போகலாம்.

பி ஃப்ளாட் ட்ரம்பெட்டின் குழாயை நீட்டி வைத்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் அடைபட்ட காற்றுக்குத் தனக்குப் பிடித்த அதிர்வெண்கள் சில உண்டு. கட்டைகள் எதையும் அழுத்தாமல் ஊதினால், சுமார் 116.5 ஹெர்ட்ஸின் மடங்குகளாக அவை அடுக்கடுக்காக நிற்கும். இரண்டாம் படி, மூன்றாம் படி, நான்காம் படி என்று ஓர் ஏணி. உதட்டின் அதிர்வு ஒரு படிக்கு அருகில் வந்ததும், ‘பெல்’ எனப்படும் விரிந்த முனையில் மோதித் திரும்பி வரும் ஒலியலை சரியான நேரத்தில் உதட்டைத் தட்டிக்கொடுக்கிறது. ஊஞ்சலைத் தள்ளுவதைப் போல. உதடு தடுமாறினாலும் படி அதைப் பிடித்து நிறுத்தும். கீழ் ஸ்தாயியில் ஆரம்பப் பயிற்சியாளர்கூட ஓரளவு சுருதியோடு வாசிக்க முடிவதற்கு இந்தத் தாங்கல்தான் காரணம்.

மேலே போகப் போக இரண்டு சங்கடங்கள். முதலாவது, படிகள் நெருங்கிவிடுகின்றன. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளி. ஹை சி இருக்கும் எட்டாம் படிக்கும் ஒன்பதாம் படிக்கும் நடுவே ஒரு முழு ஸ்வரம் மட்டும். உதடு கொஞ்சம் தவறினால் பக்கத்துப் படியில் கால் வைத்துவிடும். இரண்டாவது சங்கடம் இன்னும் பெரியது. பெல் எல்லா அதிர்வெண்களையும் திருப்பி அனுப்புவதில்லை. ட்ரம்பெட்டில் சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அலைகள் மோதித் திரும்பாமல் வெளியே ஓடிவிடுகின்றன. திரும்பி வருவது குறைந்தால் தட்டிக்கொடுப்பதும் குறையும். ஹை சிக்கு மேலே உள்ள ‘ஜி’ ஏறக்குறைய 1,400 ஹெர்ட்ஸ். ஏணி அதோடு கலைந்துவிடுகிறது. அதற்கு மேல் வாசிக்கிறவர் பிடிமானமில்லாத வெளியில் தன் உதட்டை மட்டும் நம்பி நிற்கிறார்.

கனடாவில் பிறந்த மேனார்ட் ஃபெர்குசன் அந்த வெளியில் பல ஆண்டுகள் சுகமாக உலவியவர். 1950இல் ஸ்டான் கென்டனின் இசைக்குழுவில் சேர்ந்து உச்ச ஸ்தாயிக்காகவே பேர் வாங்கினார். 1960களின் பிற்பகுதியில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி வேலி பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார் என்பதும், கர்நாடக இசையில் தோய்ந்து 1970இல் வெளியான தன் இசைத்தட்டில் ஓர் உருப்படிக்குச் ‘சலநாட்டை’ என்று நம் ராகத்தின் பெயரையே வைத்தார் என்பதும் எனக்கு நெகிழ்ச்சி தரும் செய்திகள். அவருடைய உச்ச ஸ்வரங்களைக் கேட்டுவிட்டு, அவர் பயன்படுத்தும் மவுத்பீஸ் எது என்று தேடி வாங்கியவர்கள் ஏராளம். அந்தக் கிண்ணம் கிடைத்தது. அந்த உதடு கிடைக்கவில்லை.

அப்படியானால் கிண்ணம் ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. அதை வீட்டிலேயே கேட்டுவிடலாம். மவுத்பீஸைக் கழற்றி, அகன்ற விளிம்பை உள்ளங்கையில் ‘டப்’ என்று தட்டுங்கள். சீசா மூடி கழன்றது போல ஒரு குட்டி ஒலி, கவனித்தால் அதற்கு ஒரு சுருதியும் இருக்கும். கிண்ணத்துக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். அதற்குக் கீழே உள்ள குறுகிய தொண்டையில் இருக்கும் காற்று ஒரு எடைக்கல். இரண்டும் சேர்ந்து தமக்கென்று ஓர் அதிர்வெண்ணில் ஆடுகின்றன. சாதாரண ட்ரம்பெட் மவுத்பீஸில் அது ஹை சிக்குப் பக்கத்திலேயே, 800க்கும் 1,000க்கும் நடுவே எங்கோ விழும். கிளீவ்லாந்தில் பேராசிரியராக இருந்த ஆர்தர் பெனேட் இந்தத் தட்டல் ஒலியின் முக்கியத்துவத்தை விரிவாக எடுத்துச் சொன்னவர். (அவர் லாகூரில் வளர்ந்த பிள்ளை, தந்தை அங்கே இயற்பியல் கற்பித்தார்.) இந்த அதிர்வெண்ணுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் ஏணிப்படிகளை மவுத்பீஸ் உறுதியாக்குகிறது; வெகுதூரத்தில் இருப்பவற்றை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

மேல் ஸ்தாயிக்கென்று விற்கும் ஆழமில்லாத கிண்ணங்களின் சூட்சுமம் இதுதான். கொள்ளளவு குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், தட்டல் சுருதி ஏறும். எளிய சூத்திரத்தின்படி, கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் அந்தச் சுருதி ஒரு முழு ஸ்வரம் மேலே போகும். உறுதிப்படும் படிகளும் அதோடு சேர்ந்து மேலே நகரும். ஒலியில் மேற்சுரங்கள் கூடிக் கூர்மையும் பளபளப்பும் வரும். பிக் பேண்டில் ஐந்து சாக்ஸபோனும் நான்கு டிராம்போனும் டிரம்ஸும் முழங்கும்போது, முதல் ட்ரம்பெட்டின் ஒலி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு சபையின் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். பளபளப்பான ஒலிக்கு அது சுலபம். அதே அளவு கேட்க வைக்க வாசிப்பவர் குறைவாக உழைத்தால் போதும், உதடு அரை மணி நேரம் கூடுதலாகத் தாங்கும். கிண்ணம் தரும் லாபம் உயரத்தில் இல்லை, இந்தச் சிக்கனத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கேட்பவர்களும் பளபளப்பையே உயரம் என்று எடுத்துக்கொள்வதுண்டு.

லாபத்துக்கு விலையும் உண்டு. குழாயின் கண்ணுக்கு மவுத்பீஸ் என்பது தன்னோடு ஒட்டவைத்த ஒரு கூடுதல் நீளம். அந்த நீளம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. தட்டல் சுருதியை நெருங்க நெருங்க அது வளரும். 850 ஹெர்ட்ஸில் தட்டும் மவுத்பீஸ் அந்த இடத்தில் சுமார் பத்து சென்டிமீட்டர் குழாய்க்குச் சமம். 950இல் தட்டுவது ஒன்பதுக்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அந்தப் பகுதியில் சுருதி, அரைச்சுர இடைவெளியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். பயிற்சியுள்ள காது அதை மன்னிக்காது. ஸ்லைடை இழுத்து மேல் ஸ்தாயியைச் சரிசெய்தால் கீழ் ஸ்தாயி இறங்கி நிற்கும். ஆழமில்லாத கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தவர் சில நாளில் “என் ட்ரம்பெட்டில் சுருதி சேரவில்லை” என்று சொன்னால், பிழை பெரும்பாலும் ட்ரம்பெட்டில் இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து சதையில் இருக்கிறது. உதடு கிண்ணத்துக்குள் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்; தடித்த உதடு அதிகம், மெல்லிய உதடு குறைவு, உதட்டை உள்ளே மடித்துப் பழகியவருக்கு இன்னும் குறைவு. நாற்பது நிமிடம் வாசித்த பிறகு ரத்தம் ஏறி உதடு வீங்கும், புடைப்பும் கூடும். கிண்ணத்தில் ஆழம் இல்லையென்றால் உதடு அடிப்பக்கத்தைத் தொட்டுவிடும். தொட்ட கணத்தில் அதிர்வு நிற்கும். கடையில் ஐந்து நிமிடத்தில் டபுள் ஹை சியைத் தொட்ட அதே மவுத்பீஸ், கச்சேரியின் இரண்டாம் பாதியில் நடு ஸ்தாயி ‘ஜி’யைக்கூடத் தர மறுப்பதன் காரணம் இது. ஒலி வராததால் வாசிப்பவர் ட்ரம்பெட்டை இன்னும் அழுத்துவார். அழுத்தினால் உதடு இன்னும் உள்ளே போகும், ரத்தம் ஓடாது, வீக்கம் கூடும். வாயைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு மருத்துவ உலகில் ‘சாட்ச்மோ நோய்க்குறி’ என்று பெயர் உண்டு. சாட்ச்மோ என்பது லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயர். உச்ச ஸ்வரங்களை அடுக்கடுக்காக ஊதி ஊதித் தன் உதட்டையே புண்ணாக்கிக்கொண்ட மேதை அவர்.

இப்போது விளிம்பு, தொண்டை, பின்துளை. விளிம்பு அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் அழுத்தம் பரவலாக விழும், வலி குறையும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவும் லாகவமும் குறையும். உள்ஓரம் கூர்மையாக இருந்தால் ஸ்வரத்தின் தொடக்கம் துல்லியமாக விழும், நெடுநேரம் தாங்காது. தொண்டையின் வழக்கமான அளவு பாக் மவுத்பீஸ்களில் 27ஆம் எண் துளைக்கருவி, அதாவது 3.66 மில்லிமீட்டர். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் சிலர் அதை 24ஆம் எண்ணுக்கு, 3.86 மில்லிமீட்டருக்கு, அகட்டிக்கொள்வார்கள். 0.2 மில்லிமீட்டர்தான், பரப்பளவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. துளைத்ததைத் திரும்ப அடைக்க முடியாது என்பதால் இதில் அவசரம் கூடாது. தொண்டைக்குப் பின்னால் விரிந்துகொண்டே போகும் பின்துளை இறுக்கமாக இருந்தால் ஒலி கூர்மையாகும், அளவு மீறினால் மூச்சடைக்கும். மவுத்பீஸின் எடை, முலாம் இவற்றைப் பற்றிப் பேச்சு நிறைய உண்டு. மேல் ஸ்தாயியைப் பொறுத்தவரை கிண்ணத்தின் வடிவத்துக்குப் பிறகு வைத்துப் பார்க்க வேண்டியவை அவை.

மவுத்பீஸின் மேல் எழுதியிருக்கும் குறியைப் படிக்கத் தெரிவது உதவும். வியன்னாவுக்கு அருகே பிறந்து, பொறியியல் படித்து, 1914இல் அமெரிக்காவுக்குப் போன ட்ரம்பெட் கலைஞர் வின்சென்ட் பாக், 1918இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் கடையத் தொடங்கினார். அவர் முறையில் எண் சிறிதானால் விட்டம் பெரிது. ஏ என்றால் ஆழம், சி நடுத்தரம், ஈ, எஃப் என்று போகப் போக ஆழம் குறையும். சிகாகோவின் ரெனால்ட் ஷில்கி முறை தலைகீழ். எண் ஏறினால் விட்டம் ஏறும், ஏ என்றால் ஆழம் குறைவு. 14ஏ4ஏ என்பதில் 14 விட்டம், முதல் ஏ ஆழமற்ற கிண்ணம், 4 சற்றே தட்டையான விளிம்பு, கடைசி ஏ இறுக்கமான பின்துளை. அகன்ற விட்டமும் குறைந்த ஆழமும் சேர்ந்த இந்தக் கூட்டு, முதல் ட்ரம்பெட் வாசிப்பவர்களிடையே வெகுகாலமாகப் புழங்குவது. விட்டத்தை விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் அளக்கிறார்கள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் ஒரு பட்டியலின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு பட்டியலில் தேடினால் ஏமாற்றம்தான்.

சின்னக் கிண்ணம் இல்லாமல் உச்சம் இல்லை என்று நம்புகிறவர்களை நான் லைப்ஜிக் நகரத்துக்கு அழைத்துப் போவேன். அங்கே யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ட்ரம்பெட் பகுதிகளை வாசித்தவர் கோட்ஃப்ரீட் ரைகே. அவருடைய வாத்தியத்தில் வால்வுகள் இல்லை. குழாய் இன்றையதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிக நீளம். ஏணிப்படிகள் அதனால் இன்னும் நெருக்கம். எட்டாம் படியிலிருந்து பதினாறாம் படி வரை, சில சமயம் அதற்கும் மேலே, மெல்லிசையாக வாசித்தார்கள். அந்தக் காலத்து மவுத்பீஸ்கள் அகலமானவை, தட்டையான விளிம்பும் உருண்ட கிண்ணமும் கூர்மையான தொண்டை ஓரமும் கொண்டவை. இன்றைய அளவுகோலில் அவை ‘மேல் ஸ்தாயிக்கு லாயக்கற்றவை’. ஆனால் 1721இல் பாக் சமர்ப்பித்த இரண்டாம் பிராண்டன்பர்க் கான்செர்டோவில் ட்ரம்பெட் எதனோடு சேர்ந்து வாசிக்கிறது என்று பாருங்கள்: ஒரு ரெக்கார்டர், ஒரு ஓபோ, ஒரு வயலின். ரெக்கார்டரை மூழ்கடிக்காத அளவுக்கு மென்மையாக உச்சத்தில் நடக்க வேண்டும். அகன்ற விளிம்புக்குள் உதட்டுக்கு அசைய இடமிருந்ததால், சுருதி சேராத பதினோராம் படியை உதட்டாலேயே வளைத்துச் சரிசெய்துகொள்ளவும் முடிந்தது. அந்த உழைப்பும் சாதாரணமானதல்ல. 1734 அக்டோபரில் அரசர் முன் வாசித்த மறுநாள் ரைகே இறந்துபோனார்.

எவ்வளவு உயரம் என்ற கேள்வியோடு எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம், யாரோடு சேர்ந்து என்ற கேள்விகளும் வந்தால்தான் கிண்ணத்தைப் பற்றிப் பேசவே முடியும். பாக்கின் பகுதிகளைத் தற்கால மேடையில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் பிக்கோலோ ட்ரம்பெட்டை எடுப்பதும் இதனால்தான். அதன் குழாய் பாதி நீளம், படிகளின் இடைவெளி இரட்டிப்பு. உதடு அதே 932 தடவை அதிர வேண்டும். பக்கத்துப் படியில் தவறி விழும் பயம் மட்டும் குறைகிறது.

ஒருவருக்குப் பொருந்தியது ஊருக்கே வழக்கமாகிவிடுவதும் உண்டு. சிகாகோ சிம்பனியில் 1948 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் முதல் ட்ரம்பெட்டாக இருந்த அடால்ஃப் ஹெர்செத், 1952இல் கார் விபத்தில் வாயில் பலத்த காயம்பட்டார். காயம்பட்ட உதட்டுக்கு ஒத்துவரும்படி பெரிய விளிம்புக்கு மாறினார். அவருடைய ஒலியின் கம்பீரத்தில் மயங்கி அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பலரும் பெரிய மவுத்பீஸ்களுக்கு மாறினார்கள். ஒரு மனிதரின் தழும்புக்காகத் தேர்ந்த அளவு அது.

ஆகவே, கடைக்குப் போகும்போது உதடு களைத்திருக்கும் நாளில் போங்கள். அரை மணி நேரம் வீட்டில் வாசித்துவிட்டுப் போங்கள். புத்துணர்ச்சியோடு இருக்கும் உதட்டுக்கு எந்தக் கிண்ணமும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் பழைய மவுத்பீஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பு பிடித்திருந்தால், அதே விளிம்பில் கிண்ணத்தின் ஆழம் மட்டும் ஒரு படி குறைந்ததைக் கேளுங்கள். விட்டம், ஆழம், தொண்டை மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. உள்ளங்கையில் இரண்டையும் தட்டிக் கேளுங்கள். புதியதன் சுருதி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காதில் வாங்கிக்கொண்டு, பிறகு சுருதிப்பெட்டியையோ ட்யூனரையோ வைத்துக்கொண்டு நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பாருங்கள். ட்ரம்பெட்டுக்குள் செருகும் மவுத்பீஸ் தண்டின் முனைக்கும் உள்ளே குழாய் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியும் மவுத்பீஸுக்கு மவுத்பீஸ் மாறும். பிடிமானம் விநோதமாக இருந்தால் அதையும் சந்தேகியுங்கள்.

உச்ச ஸ்வரத்தைக் கடைசியில் தொட்டால் போதும். அதைத் தொட்டதும், ஓய்வெடுக்காமல், கீழ் ஸ்தாயி ‘சி’க்கு இறங்கி மிக மெதுவாக ஊதுங்கள். உதடு கிண்ணத்தின் அடியைத் தொட்டிருந்தால் முதலில் காற்றுச் சத்தம் வரும், ஸ்வரம் தாமதமாக வரும். தாமதமில்லாமல் ஸ்வரம் வந்தால் அந்த மவுத்பீஸை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் வேறெதையும் தொடாமல் வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதே கீழ் ‘சி’யை, அதே மெதுவில்.